வறுத்த பயறு

கட்டை விரலை எடுத்தால் போதும், போனில் பேசியது ஊர் குரூப்புக்குப் போய்விடும். எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றேன்.

தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் அறை அது. மளிகைக் கடைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். மழை தொடங்கிய முதல் வாரம். தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து இருபது ஆண்கள். நான் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றேன். அந்த அறையில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சத்தமாச் சொல்லு தாயி. மழையில ஒண்ணும் பதியாது" என்றார் செயலாளர் அண்ணாச்சி.

ஒரு கையில் என் போன். மறு கையில் அவர் எழுதிக் கொடுத்த காகிதம். மூன்றே வரிகள். நான் வாய்ஸில் சொன்னது எல்லாம் பொய். ஊர்ப் பெண்கள் அதை நம்ப வேண்டாம். ஊர் என்னை மன்னிக்க வேண்டும்.

அதை வாசித்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டால் முடிந்தது. போடாவிட்டால் எங்கள் குடும்பத்தையும் ஒதுக்கி வைப்பார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள், யாரும் அழைக்கமாட்டார்கள்.

எனக்குப் பின்னால், ஏணியின் மேல்படியில், என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு நின்றார்.

அங்கே நான் போய் நின்றதற்குக் காரணம் ஒரு கதை. நான் எழுதிய கதை.

உள்ளேன் டீச்சர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் வாய் திறக்காதவள் என்பது தெரிந்திருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நகராட்சிப் பள்ளியில் தமிழ்ப் பிரிவில் படிக்கும்போது, காலையில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். எனக்கே கேட்காது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எனக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். கையைத் தூக்கிக் காட்டக்கூடக் கூச்சம்.

பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சேலைக்கு ஃபால் தைக்கும் வேலை பழகிக்கொண்டேன். மாட்டுங்காவில் ஒரு கடையிலிருந்து சேலைகள் வாங்கி வருவேன். கொசுவம் விழுகிற பக்கத்தில் பட்டைத் துணி வைத்து, தையல் வெளியே தெரியாமல் கையால் தைக்க வேண்டும். தெரியாமல் தைப்பதுதான் அந்த வேலையின் திறமை. எனக்கு ஏற்ற வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜும் இதே வேலை செய்கிறாள். அவளும் திருநெல்வேலிப் பக்கம்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

தைத்து முடித்த பிறகு நோட்டில் ஏதாவது எழுதுவேன். கதை என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் காட்டியதில்லை. ஒரு நாள் சேலை மடிப்புக்குள் நோட்டு மாட்டிக்கொண்டு மும்தாஜ் கைக்குப் போய்விட்டது. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படித்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இத எழுதி என்ன செய்ய? நம்ம சந்துல எவளுக்குப் படிக்கத் தெரியும்? எம் மவ அவ பேரையே இந்தியிலதான் எழுதுதா. பேசிப் போடுங்க. வாய்ஸ்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. சந்தில் ஃபால் தைக்கும் ஏழெட்டுப் பெண்களுக்கு ஒரு குரூப். மதியம் எல்லோரும் ஊசியும் நூலுமாக உட்காரும் நேரத்துக்கு நான் மூன்று நான்கு நிமிடம் பேசி அனுப்புவேன். முகம் தெரியாது, எதிரில் ஆள் இல்லை. எனக்குக் கூச்சம் குறைந்தது. என் குரலை முதல் முறையாக நானே கேட்டது அப்போதுதான். பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

டிவி மேல் அடித்த போன்

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, இசக்கியம்மாள். என்னை மைனி என்று கூப்பிடுவாள். ஊரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் இறந்து வெகு காலமாகிறது. ஒரே மகள் மாரிசெல்வி. அவளையும் ஊரிலேயே, ஊர்த் தலைவரின் தம்பி மகனுக்குக் கட்டிக்கொடுத்தாள்.

அவன் அடிப்பான். ஊருக்கே தெரியும். ஒரு நாள் அம்மிக்குழவியை எடுத்து மாரிசெல்வியின் வலது கையில் போட்டுவிட்டான். முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. இசக்கி மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அதே கட்டோடு மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஊருக்கு அடி பெரிதில்லை. போலீஸ்தான் பெரிதாகப் போய்விட்டது. ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் எப்படிப் போகலாம்? புகாரை வாபஸ் வாங்க வேண்டும், கோயில் முன்னால் கூட்டத்தின் காலில் விழ வேண்டும், மகளைத் திரும்பப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் பெண் பேசக் கூடாது. அவளுக்காக ஒரு ஆண் பேச வேண்டும். அண்ணன் பம்பாயில். அவளுக்காகப் பேச யாரும் இல்லை. அவள் விழவும் இல்லை.

ஒதுக்கி வைத்தார்கள். கடையில் சாமான் கிடையாது. யாரும் பேசக் கூடாது. அடுத்த அம்மன் கொடைத் திருவிழாவில் அவள் முளைப்பாரி வைக்கக் கூடாது.

அங்கே ஊர் முடிவு செய்தால், இங்கே தாராவியில் உள்ள சங்கமும் அதன்படிதான் நடக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் குரூப்பில் செய்தி வந்தது. இசக்கி குடும்பத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது, மீறினால் அவர்களுக்கும் அதே கதிதான் என்று.

என் வீட்டுக்காரர் தோல்பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். பட்டறை முதலாளி எங்கள் ஊர்க்காரர். செய்தியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இசக்கி மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் போன் செய்வாள். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நேரம் அவளுக்குத் தெரியும். மறுநாளும் அடித்தது. போன் டிவி மேல் இருந்தது. அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து வந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அப்படி ஏழு நாள். எட்டாவது நாள் அடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தட்டின் முன்னால் காத்திருந்தோம் என்பதுதான் வெட்கம். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் உணரவில்லை.

மூன்றாவது வாய்ஸ்

எடுக்காத போனுக்குப் பதிலாகத்தான் கதை எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து அம்மன் கொடை பற்றித் தெரியாதவர்களுக்காக. கொடைக்கு எட்டு நாள் முன்னால் பெண்கள் மண்பானைகளில் மண்ணும் ஆட்டு எருவும் போட்டுப் பயறு விதைப்பார்கள். எல்லாப் பானைகளையும் ஒரே வீட்டில் இருட்டில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி பாடுவார்கள். அந்த வீட்டுக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. வெயில் படாமல் வெளிர் மஞ்சளாக முழ உயரத்துக்கு முளைத்து நிற்கும். கொடை நாளில் அதைத் தலையில் தூக்கி வருவார்கள். முளைப்பாரி நன்றாக வளர்ந்தால் ஊருக்கு நல்லது. வளராவிட்டால் அம்மனுக்குக் கோபம்.

என் கதையில் ஒரு ஊர் காளி என்கிற பெண்ணை ஒதுக்கி வைக்கிறது. மற்றப் பெண்கள் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் அவரவர் அடுப்படியில் பயறை வறுத்து எடுத்துப்போய் விதைத்துவிடுகிறார்கள். எட்டு நாளும் ஒன்றும் தெரியாதவர்கள்போலத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. ஆண்கள் பயந்துபோய், காளிக்குச் செய்த பாவம்தான் என்று அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மூன்று வாய்ஸாகப் போட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மும்தாஜ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏங்க்கா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்குதா? ஒங்க கதையில வாரவளுவ எல்லாம் ஒங்கள மாதிரியே இருக்காளுவ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் தையல் கோணலாகவே போயிற்று.

முதல் வாய்ஸில்தான் இது கற்பனைக் கதை என்று சொல்லியிருந்தேன். குரூப்பில் இருந்த ஒருத்திக்கு மூன்றாவது வாய்ஸ் மட்டும் பிடித்துப்போய், அதை மட்டும் தன் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். அக்கா இன்னொருத்திக்கு. அதில் என் குரல் "இந்த வருசக் கொடைக்கு எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம்" என்றுதான் ஆரம்பிக்கும். தலைப்பு இல்லை, முன்கதை இல்லை. அது எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கதையாக இல்லை, தகவலாக இருந்தது. நம்ம ஊர்ப் பெண்கள் இந்த வருடம் பயறை வறுத்து விதைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள், பம்பாயிலிருந்து ஒருத்தி தூண்டிவிடுகிறாள் என்று.

என் குரலை யாருக்கும் தெரியாது என்பதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் வாய்ஸின் கடைசியில் இன்னொரு குரலும் பதிவாகியிருந்தது. "அக்கா, முடிஞ்சிட்டுன்னா பட்டன விடுங்க, குக்கர் கத்துது!" மும்தாஜின் குரலைத் தாராவியில் தெரியாதவர் கிடையாது. அந்த வாரமே செயலாளர் அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டே சொன்னார். "எழுதிக் குடுக்குறத வாசிச்சிரு. நமக்கு எதுக்கு வம்பு, லஃப்டா?"

சரி என்றேன். வாசித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை.

விரலுக்குக் கீழே

மறுபடியும் அந்த அறை. மழை.

"வாசி தாயி" என்றார் அண்ணாச்சி.

மைக் பொத்தானை அழுத்தினேன். காகிதத்தைப் பார்த்தேன். நான் சொன்னது எல்லாம் பொய். அந்த ‘எல்லாம்’ என்கிற சொல்லில் நின்றுவிட்டேன். விரலை எடுக்காமல் இடப்பக்கம் இழுத்து, பதிந்த வெற்று மழைச் சத்தத்தை அழித்தேன்.

"அண்ணாச்சி, எது எது பொய்னு சொல்லட்டா?"

"தெளிவாச் சொல்லு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரப்பிடாது."

பின்னால் யாரோ, "கதை சொல்லும்போது வாயி நீளுது, இங்க வந்து ஊமையாயிட்டா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

மறுபடியும் அழுத்தினேன். மூன்றாவது பெஞ்ச் ஞாபகம் வந்தது. மழை இருந்ததால் கத்த வேண்டியிருந்தது. கத்தினேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"பயறு வறுத்தது பொய். காளிங்கிற பேரு பொய். அது நான் எழுதுன கதை. மத்தது பொய் இல்ல. காளிங்கிறது என் நாத்தனா இசக்கியம்மா. மாரிசெல்வி கையை அம்மிக்குழவியால ஒடச்சது பொய் இல்ல. போலீசுக்குப் போனதுக்காவ அவளை ஒதுக்கி வச்சது பொய் இல்ல. இசக்கி ஏழு நாளு எங்களுக்குப் போன் அடிச்சா. பயந்துக்கிட்டு நாங்க எடுக்கல. அதுவும் பொய் இல்ல."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மன்னிப்புக் கேக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காவ. கேக்கேன். இசக்கி, எங்கள மன்னிச்சிரு."

"ஏ, என்ன பேசுத? நிறுத்து! போன்ல இருந்து கையை எடு! எடுங்கேன்!"

எடுத்தேன்.

முதலில் அண்ணாச்சியின் சட்டைப் பையில் டிங் என்றது. பிறகு வரிசையாக ஒவ்வொருவர் பையிலும். பதினைந்து இருபது டிங். அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"அழிக்கச் சொல்லுலே, அழிக்கச் சொல்லு!" என்று ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். அவர் ஏணிப் படியிலிருந்து உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையிலிருந்து போனை வாங்கினார். அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"படி வழுக்குது. பாத்து எறங்கு" என்றார்.

அடுத்த நாள் பட்டறையில் அவரை வர வேண்டாம் என்றார்கள். இருபத்து இரண்டு வருடம் தோல் வெட்டிய இடம். சங்கத்தில் எங்கள் பெயரை எடுத்தார்கள். சந்துக் கடைசியில் ஒரு கல்யாணம், பந்தல் எங்கள் வாசல்வரை வந்தது, பத்திரிகை வரவில்லை. மும்தாஜின் கொழுந்தன் வைத்திருந்த பட்டறையில் அவருக்கு வேலை கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

நகத்தளவு

கொடை முடிந்த நான்காம் நாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவி மேல் போன் அடித்தது.

எழுந்து எடுத்தேன்.

"மைனி" என்றாள் இசக்கி. பத்து மாதம் பேசாதவர்கள்போலவே இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிறவள்போலப் பேசினாள். நான் சத்தத்தைக் கூட்டி, அவருக்கும் கேட்கும்படி பிடித்துக்கொண்டேன். நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

அது கதைதான் என்று நான் சொன்னதைப் பெண்கள் நம்பினார்கள். ஆண்கள் நம்பவில்லை. விதைக்கிற நாளில் தலைவர் இரண்டு பேரை முளைப்பாரி வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டார். பெண்கள் கொண்டுவருகிற பயறில் ஒவ்வொன்றை எடுத்து, வறுத்ததா பச்சையா என்று பல்லில் கடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அம்மனுக்கு வெதைக்கிற பயறு மைனி! அதுல போய் எச்சிக் கையை விட்டுட்டாங்க. வரிசையில நின்ன பேச்சி அக்காளுக்கு வந்துதே கோவம்! ‘எங்கள சந்தேகப்பட்ட நீங்களே வெதைங்கலே’ன்னு பயறைக் கொண்டுபோயிக் கோயில் படியில கொட்டிட்டா. அவ கொட்டவும் எல்லாரும் கொட்டிட்டாளுவ. தலைவரு ‘என்னட்டி வேணும் ஒங்களுக்கு’ங்காரு. அப்பந்தான் பேச்சி அக்கா சொல்லுதா, ‘இசக்கி பானை வைக்கட்டும். அதுவரைக்கும் ஒரு பானையிலயும் ஒரு பயறு விழாது.’ கூட்டத்துக்கு நடுவுல நின்னு சொல்லுதா மைனி. பொம்பள!"

பெண்கள் பானைகளில் மண்ணை நிரப்பி உள்ளே வைத்தார்கள். விதை போடவில்லை. தினமும் போய் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். வெறும் மண்ணைச் சுற்றிக் கும்மி பாடினார்கள். தெருவில் ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ரகசியமும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

ஆறாம் நாள் தலைவர் இறங்கி வந்தார். இசக்கி பானை வைக்கலாம், யாரும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்றார். வீட்டில் எடுத்து வைத்திருந்த வேறு பயறை அன்றைக்கே விதைத்தார்கள். கொடைக்கு இரண்டே நாள் இருந்தது.

"ரெண்டு நாள்ல என்ன மொளைக்கும்? நகத்தளவுதான். வெள்ளையா மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னுது. அதத்தான் தூக்கிட்டு வந்தோம். மொளைப்பாரின்னா தலைக்கு மேல ஆடணும்லா, இது பானைக்கு வெளியவே தெரியல. மேளக்காரன் சிரிக்கான். சிரிச்சா சிரிக்கட்டும்னு வந்தோம். எம் பானைக்குக் கீழ மாரிசெல்வி இடது கையைக் குடுத்துட்டு வந்தா."

மாரிசெல்வியின் வலது கை இனி முழுவதும் நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கு நடக்கிறது. வாபஸ் வாங்கவில்லை. அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். தலைவர் வீட்டார் இன்றும் இவர்களோடு பேசுவதில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "நான் சொன்ன மாதிரி வறுத்திருந்தா இவ்வளவு சண்டை வந்திருக்காதே இசக்கி?" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஒங்க வாய்ஸ எல்லாருந்தான் கேட்டோம். பேச்சி அக்காதான் சொன்னா. வறுத்துட்டா பெறவு அவங்க ஒத்துக்கிட்டாலும் மொளைக்க வைக்க முடியாதுல்லா மைனி? அதான் பச்சையாவே வச்சிருந்தோம்."

நோட்டில் அந்தக் கதை இன்றும் அப்படியே இருக்கிறது. திருத்தவில்லை. அதை எழுதியபோது நான் யாராக இருந்தேன் என்பது அதில் இருக்கட்டும்.

"அண்ணன் இருக்காவளா?" என்று கேட்டாள் இசக்கி.

அவர் தட்டின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சோறு பிசைந்த கை அப்படியே நின்றிருந்தது. சத்தத்தைக் குறைத்துப் போனை நீட்டினேன். இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார்.

பிறகு கேட்டார். "சாப்ட்டியாட்டி?"

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வலது கையில் சோறு காய்ந்து உதிர்கிறவரை அவர் போனைக் கீழே வைக்கவில்லை.